எடிசன் தட்டின் உலோக மாஸ்டர்: ஒலியை எடுக்க எந்த வழி?

எடிசன் நிறுவனம் 1912 முதல் 1929 வரை விற்ற டைமண்ட் டிஸ்க் இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு அதன் குறை நன்றாகத் தெரியும். குரல் அருமையாக இருக்கும், ஆனால் அதன் மேல் ஒரு இரைச்சல் படிந்தே இருக்கும். தட்டின் உள்பகுதி மரத்தூள் கலவை, மேலே பூசியது கண்டென்சைட் என்ற ஃபினால் பிசின். முதல் உலகப் போர் சமயத்தில் ஃபினால் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அந்த ஆண்டுகளின் தட்டுகளில் இரைச்சல் இன்னும் மோசம்.

இந்த இரைச்சலில் பெரும்பங்கு பாடகர் பாடிய மெழுகில் இல்லை. அச்சடித்த பொருளிலிருந்து வந்தது. மெழுகுக்கும் அச்சுத் தட்டுக்கும் நடுவே ஒரு உலோகத் தலைமுறை உண்டு. அது கையில் கிடைத்தால் அந்தப் படலத்தைத் தாண்டி ஒரு படி பின்னால் போய்க் கேட்கலாம். கடைக்கே வராத டேக்குகள் (ஒரே பாட்டை ஒவ்வொரு தடவை பாடும்போதும் எடுத்த தனித்தனிப் பதிவுகள்) சில உலோகத்தில் மட்டுமே மிஞ்சியிருப்பதும் உண்டு. நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள எடிசன் தேசிய வரலாற்றுப் பூங்காவில் இந்த வகை உலோக அச்சுகள் பாதுகாக்கப்படுகின்றன. சேகரிப்பாளர்களிடமும் ஒன்றிரண்டு தென்படுகின்றன.

கையில் ஒரு உலோகத் தட்டு இருக்கிறது என்றால் அதிலிருந்து ஒலியை எடுக்கச் சில வழிகள் உண்டு. எது நன்றாக ஒலிக்கும் என்பதை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது என் கட்சி. இந்தத் துண்டு போனால் வேறு எது மிஞ்சும் என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

முதலில், கையில் இருப்பது எது?

மெழுகில் வெட்டிய பதிவின் மேல் மின்முலாம் ஏற்றிப் பிரித்தால் கிடைப்பது மாஸ்டர். அது நெகட்டிவ். மெழுகில் பள்ளமாக இருந்தது இதில் வரப்பாக நிற்கும். அந்த மாஸ்டரிலிருந்து இன்னொரு முலாம் எடுத்தால் மதர். அது மறுபடி பாசிட்டிவ், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். மதரிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர். அது திரும்பவும் நெகட்டிவ், தட்டுகளை அச்சடித்தது அதுதான்.

அடையாளம் காண்பது கடினமல்ல. நடுப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். நேராகப் படிக்க முடிந்தால் பாசிட்டிவ். கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைமாறி இருந்தால் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் மாஸ்டரா ஸ்டாம்பரா என்று பிரிப்பதுதான் சிரமம். அச்சு இயந்திரத்தில் மாட்டியதற்கான விளிம்புத் தேய்மானம், முதுகுப்புறத்தில் ஒட்டிய தகடு இவையெல்லாம் ஸ்டாம்பரைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமாக இருந்தால் மாஸ்டர் என்றே வைத்துக்கொண்டு அதற்குரிய மரியாதையோடு நடத்துங்கள்.

டேக் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எடிசன் நிறுவனம் ஒரே எண்ணின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட டேக்குகளை வெளியிடுவது வழக்கம். 1919இல் ரக்மானினோஃப் அங்கே வாசித்த பியானோப் பதிவுகளிலும் அப்படித்தான் நடந்தது. கடையில் விற்ற தட்டில் ஏ டேக் இருக்கும், உங்கள் கையில் உள்ள உலோகத்தில் சி டேக் இருக்கலாம். அப்படியானால் அது இன்னொரு பிரதி அல்ல, இன்னொரு வாசிப்பு.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கை தானாகவே பாலிஷைத் தேடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை இங்கே ஆகவே ஆகாது. நெகட்டிவில் ஒலி இருப்பது வரப்பின் மேல் முனையில். தேய்ப்பதில் முதலில் கரைவது அதுதான். வடிநீரும் மென்மையான தூரிகையும் போதும். அதற்கு மேல் போவதென்றால் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மதர் இருந்தால் ஊசி

மதர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சாதாரண டர்ன்டேபிளில், சாதாரணத் திசையில், 80 ஆர்பிஎம்மில் ஓடும். எடிசன் தட்டு செங்குத்து வெட்டு, அதாவது ஊசி பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் ஏறி இறங்கும். அதனால் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் பகுதி) வேண்டும். அதன் இரு சேனல்களில் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் செங்குத்து அசைவு சேர்ந்துகொள்ளும், பக்கவாட்டு அசைவு அடிபட்டுப்போகும். ஊசி முனையின் ஆரம் சுமார் மூன்றரை மில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எல்பிக்கான ஊசி பள்ளத்தின் அடியில் தத்தளிக்கும், அதைப் போடாதீர்கள்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, நிக்கல் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். மூவிங் மேக்னட், மூவிங் காயில் எதுவானாலும் கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது. தட்டின் முகம் நிக்கலாக இருந்தால் அது கார்ட்ரிட்ஜைக் கீழே இழுக்கும். நீங்கள் மூன்று கிராம் என்று வைத்த எடை ஊசிக்கு மூன்று கிராமாக இருக்காது. எடைக் கருவியில் ஊசி நிற்கும் பகுதியைத் தொடாமல், அதற்கு மிக அருகே ஒரு நிக்கல் தகட்டைத் தனியாக நிறுத்தி, தட்டு இருக்கும் உயரத்திலேயே அளந்து பார்த்துத்தான் எடையை முடிவு செய்ய வேண்டும். செராமிக் கார்ட்ரிட்ஜில் காந்தமே கிடையாது என்றாலும் அதன் ஊசி விறைப்பானது, கூடுதல் எடை கேட்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. காந்தம் வலுக்குறைந்த கார்ட்ரிட்ஜைத் தேடி, இழுவையைக் கணக்கில் எடுத்து எடையைக் குறைத்துவைப்பதே மேல்.

இன்னொன்று, உலோகம் வளைந்து கொடுக்காது. வினைல் ஊசிக்குக் கீழே சற்றே நெகிழும், உலோகம் நெகிழாது. வைர ஊசி உலோகத்தைவிடப் பல மடங்கு கடினம், செம்பு மென்மையானது. செம்பு முகமுள்ள மதரை ஆசைக்கு நாலு தடவை ஓட்டிக் கேட்பது என்பது நாலு தடவை கீறுவது. எல்லா அளவுகளையும் வேறு ஒரு தட்டில் சரிபார்த்துவிட்டு இதை ஒரே தடவை ஓட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நல்ல நிலையில் இருக்கும் மதருக்கு ஊசிதான் என் முதல் தேர்வு. ஒலி பள்ளத்தின் அடியில் பத்திரமாக இருக்கிறது. கையாண்ட கீறல்கள் பெரும்பாலும் மேல்தளத்தோடு நின்றிருக்கும்.

நெகட்டிவின் மேல் கவட்டை ஊசி

நெகட்டிவ் மட்டும் இருந்தால் கதை வேறு. வரப்பின் இரு தோள்களிலும் கால் வைத்து உட்காரும்படி நடுவில் பிளந்த ஊசி வேண்டும். இந்த ஊசிகள் கடையில் கிடைப்பதில்லை, ஊசி செய்பவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும். பக்கவாட்டு வெட்டுள்ள 78 தட்டுகளின் ஸ்டாம்பர்களை இப்படி வாசிப்பது ஒலிக்காப்பகங்களில் பழகிய முறை.

எடிசன் தட்டில் மட்டும் ஏன் இது கடினம் என்றால், இடம் இல்லை. ஒரு அங்குலத்தில் 150 வரிகள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 0.17 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. அதில் பெரும்பகுதியை வரப்பே எடுத்துக்கொள்ளும். செங்குத்து வெட்டில் வெட்டு ஆழமாகும்போது பள்ளம் அகலமும் ஆகும், அதாவது சத்தமான இடங்களில் வரப்பு இன்னும் தடிக்கும். கவட்டை ஊசியின் இரு கால்களும் இறங்க வேண்டிய இடைவெளி சரியாக அங்கேதான் சுருங்குகிறது. ஊசியின் கால் தடித்திருந்தால் பக்கத்து வரப்பில் இடிக்கும், மெலிந்திருந்தால் உடையும். 1926இல் எடிசன் வெளியிட்ட நீள்நேரத் தட்டுகளில் அங்குலத்துக்கு 450 வரிகள். அதன் நெகட்டிவுக்குக் கவட்டை ஊசி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் திசை. நெகட்டிவ் கண்ணாடிப் பிம்பம். அதில் பாட்டை நேராகக் கேட்க வேண்டுமானால் தட்டு இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பலர் உடனே மோட்டாரைத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வலப்பக்கம் டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) உள்ள டர்ன்டேபிளில் அதைச் செய்யாதீர்கள். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேண்டிலீவர் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது. எதிர்த்திசையில் சுற்றினால் தட்டு அதை முன்னிருந்து தள்ளும், ஊசி குத்தித் துள்ளும்.

வழக்கம்போல் வலஞ்சுழியாகவே சுற்றவிட்டு, உள்வரியில் ஊசியை வைத்து, வெளியே போகவிடுங்கள். பாட்டு பின்னோக்கி வரும். கணினியில் ஒரு சொடுக்கில் திருப்பிக்கொள்ளலாம். டோன்ஆர்மின் இயல்பான இழுவை உள்ளே பார்த்தும் வரப்பு வெளியே பார்த்தும் போவதால், அந்த உள்ளிழுவையை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும், அவ்வளவுதான். பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகள் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிறவை. அவற்றின் நெகட்டிவில் இதே முறையில் ஊசியை வெளிவரியில் வைக்க வேண்டும்.

இப்படிப் பின்னோக்கி ஓட்டுவது வெறும் சமாளிப்பு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசி நேர் மேலும் கீழுமாக அசைவதில்லை, கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் அசைகிறது. பக்கவாட்டு வெட்டில் அந்தச் சாய்வு பெரிதாகப் பாதிக்காது. செங்குத்து வெட்டில் ஒலி முழுவதும் அந்த அசைவில்தான் இருக்கிறது. நெகட்டிவில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்போது, பதிவில் உள்ள சாய்வும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். பின்னோக்கி ஓட்டினால் அது மறுபடி சரியான பக்கம் வந்துவிடும். செங்குத்து வெட்டு நெகட்டிவை நேராக ஓட்டுவதைவிடப் பின்னோக்கி ஓட்டுவதே வடிவக் கணக்குக்குப் பொருந்துகிறது.

ஆனாலும் இந்த வழியை நான் ஸ்டாம்பருக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். அதே டேக்கின் வேறு ஸ்டாம்பரோ தட்டோ உலகில் எங்காவது இருக்கும், ஒரு கீறல் விழுந்தாலும் பாட்டு அழியாது. ஒற்றையாக மிஞ்சிய மாஸ்டரின் வரப்பில் வைரக் கவட்டையை ஏற்றுவதற்கு எனக்கு மனம் வராது.

பிசின் வார்ப்பு

நெகட்டிவின் மேல் எபாக்சி பிசினை ஊற்றி, இறுகியபின் பிரித்தால் ஒரு பாசிட்டிவ் தட்டு கிடைக்கும். அதை வழக்கமான ஊசியில் வழக்கமான திசையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம். எளிமையாகத் தோன்றினாலும் இதற்கு நீண்ட பின்புலம் உண்டு.

1899இல் தொடங்கிய வியன்னா ஃபோனோகிராம் ஆர்க்கைவ் தன் களப் பயணங்களுக்கென்று ஒரு தனிக் கருவியைச் செய்துகொண்டது. அது உருளையில் அல்லாமல் மெழுகுத் தட்டில், எடிசன் முறைப்படியே செங்குத்தாக வெட்டியது. ஃபெலிக்ஸ் எக்ஸ்னர் 1904-05இல் இந்தியாவில் பதிவு செய்த சமஸ்கிருத ஓதல்களும் இந்த வகையில் வந்தவைதான். மெழுகுகளிலிருந்து உலோக நெகட்டிவ் எடுத்துவைத்தார்கள். பிற்காலத்தில் அந்த நெகட்டிவ்களில் எபாக்சி வார்த்து, அந்த வார்ப்பிலிருந்து ஒலியை எடுத்தார்கள்.

பெர்லின் ஃபோனோகிராம் ஆர்க்கைவில் இருப்பது இதைவிடச் சிக்கலானது. கார்ல் ஸ்டும்ஃப் 1900இல் தொடங்கிய அந்தக் காப்பகம், மெழுகு உருளைகளிலிருந்து செம்பு நெகட்டிவ்களைச் செய்துவைத்தது. அவற்றை கால்வானோ என்பார்கள். அதைச் செய்யும்போது மூல மெழுகு அழிந்துவிடும். ஆக, கால்வானோதான் இனி மூலம். அது ஒரு செம்புக் குழாய், ஒலி அதன் உட்சுவரில் வரப்பாக நிற்கிறது. ஊசியும் டோன்ஆர்மும் உள்ளே போகாது. அங்கே புதிய மெழுகை உள்ளே வார்த்து எடுப்பதே காலங்காலமாகப் பழகிய வழி.

வார்ப்பில் கவனிக்க வேண்டியவை சில. காற்றுக்குமிழ் ஒவ்வொன்றும் ஒரு டிக் சத்தம், அதனால் பிசினை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்தபிறகே ஊற்ற வேண்டும். வேகமாக இறுகும் பிசின் சூடாகும், சுருங்கும், தட்டு வளையும். மெதுவாக இறுகுவதே நல்லது. நடுத்துளை ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் சுருதி சுற்றுக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். சிலிக்கோன் ரப்பர் நுணுக்கத்தை அழகாகப் பிடிக்கும், ஆனால் ஊசிக்குக் கடினம் போதாது. அதை ஒளியால் அளப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து பிரிக்கும்போது. உலோக முகம் வழவழப்பாக இருந்தால் பிசின் சுலபமாகக் கழன்றுவரும். அரிப்பு குழிகள் இருந்தால் பிசின் அதற்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது நிக்கல் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். லென்ஸ் வைத்து வரி வரியாகப் பார்த்துவிட்டு, ஒலி இல்லாத நடுப்பகுதியில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துவிட்டுத்தான் முழுதாக ஊற்ற வேண்டும்.

புதிய மதர், புதிய அச்சு

புதிய உலோகம் ஒட்டிக்கொள்ளாதபடி நெகட்டிவை டைக்ரோமேட் கரைசலில் நனைத்து, நிக்கல் தொட்டியில் போட்டு, புதிய மதர் ஒன்றை வளர்த்தெடுக்கலாம். இசைத்தட்டு ஆலைகள் இன்றும் தினமும் செய்யும் வேலைதான். ஆனால் அவர்கள் செய்வது நேற்று உருவான உலோகத்தில். நூறு வயதான, செம்பும் நிக்கலும் அடுக்கான, விளிம்பில் விரிசல்விட்ட தட்டை அமிலத் தொட்டியில் இறக்கினால் அடுக்குகளுக்கு நடுவே திரவம் புகும். இரண்டு தட்டுகளும் பிரியாமல் ஒட்டிக்கொண்டால் இரண்டும் போனமாதிரிதான். உலோகத்தின் நிலை நன்றாக இருந்து, அனுபவமுள்ள ஆலை கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பழைய ஸ்டாம்பரை வைத்து வினைல் அச்சடிப்பது வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டுக்கும் டன் கணக்கான அழுத்தத்துக்கும் பழைய உலோகத்தைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

தொடாமல் எடுப்பது

கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதேயெவும் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கிய ஐரீன் முறை, தட்டைப் படமெடுத்து அதிலிருந்து ஒலியைக் கணக்கிடுகிறது. பக்கவாட்டு வெட்டுக்கு இருபரிமாணப் படம் போதும். செங்குத்து வெட்டுக்கு ஆழத்தையே அளக்க வேண்டும் என்பதால் ஒளியால் உயரத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கும் கன்ஃபோக்கல் உணரி வேண்டும், நேரமும் பல மடங்கு ஆகும்.

உலோகத்தில் இது சாதித்ததற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. எடிசன் பேசும் பொம்மைகளுக்காக 1888இல் செய்த ஒரு வெள்ளீய வளையம் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்தது. வளைந்து நெளிந்து போயிருந்ததால் எந்த ஊசியிலும் ஓடாது. 2011இல் பெர்க்லியில் அதன் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளந்தார்கள். ஒரு பெண் 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' பாட்டின் வரிகளைச் சொல்லும் குரல் வெளியே வந்தது. வேறு எந்த வழியிலும் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்காது.

நெகட்டிவா பாசிட்டிவா என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. உயரத்தின் குறியை மாற்றி, வரிசையைத் திருப்பினால் முடிந்தது. விரிசல், வளைவு, களிம்பு எதுவும் தடையில்லை. ஆனால் பளபளப்பான உலோகத்தின் செங்குத்துச் சரிவுகளில் ஒளி திரும்பி உணரிக்கு வராது, அந்த இடங்களில் தரவு ஓட்டையாக நிற்கும். இன்னொன்று நுணுக்கம். எடிசன் தட்டின் வெளிவரி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அங்கே 5000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 0.2 மில்லிமீட்டர். உள்வரியில் அது பாதியாகிவிடும். அதில் மெல்லிய ஒலிகளின் ஏற்ற இறக்கம் மைக்ரானுக்கும் கீழே போகும். உணரியின் சொந்த இரைச்சலே அந்த அளவில் இருந்தால் வெளிவரும் ஒலி, நல்ல ஊசி தருவதைவிட மங்கலாக இருக்கும். செலவும் காத்திருப்பும் தனி. மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் உள்ள வடகிழக்கு ஆவணப் பாதுகாப்பு மையம் போன்ற சில இடங்களில்தான் இது சேவையாகக் கிடைக்கிறது.

என் முடிவு

மதர் இருந்து, முகம் நன்றாக இருந்தால் ஊசி, ஒரே ஓட்டம். ஸ்டாம்பராக இருந்து அதே டேக்கின் தட்டுகளும் கிடைக்குமானால் கவட்டை ஊசியை முயன்று பார்க்கலாம், பின்னோக்கி. ஒற்றை மாஸ்டர், முகம் வழவழப்பு, அரிப்பு இல்லை என்றால் எபாக்சி வார்ப்பு. ஒற்றை மாஸ்டர், அரிப்போ விரிசலோ உண்டு என்றால் ஒளிமுறை. அதற்குப் பணம் இப்போது இல்லையென்றால், உலர்ந்த இடத்தில் அமிலமற்ற காகித உறையில் நிறுத்திவைத்துக் காத்திருங்கள். உலோகம் மெழுகுபோல் பூஞ்சணம் பிடித்துப் போய்விடாது. அவசரத்தில் ஊசி போடுவதைவிடச் சில ஆண்டு பொறுப்பது நல்லது.

சில மதர்கள் செம்பு முகமாக, ஒற்றையாக, வேறு பிரதி இல்லாமல் இருக்கும். அங்கே எனக்கே இரு மனம். ஒலித்தரம் ஊசியின் பக்கம் இழுக்கிறது, மென்மையான செம்பு ஒளிமுறையின் பக்கம் இழுக்கிறது. முதலில் ஒளியால் அளந்து அந்தத் தரவைப் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம் ஒரு தடவை ஊசி என்பதே நான் சொல்லக்கூடியது.

எந்த வழியில் ஊசி வைத்தாலும் பதிவு செய்யும்போது இரு சேனல்களையும் கூட்டிவிடாதீர்கள். தனித்தனியாக, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், ஆர்ஐஏஏ (எல்பி தட்டுகளுக்கான ஒலிச் சமன்பாடு) இல்லாத ப்ரீஆம்ப் வழியாக எடுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் அடிபட்டிருந்தால் மறு சுவரின் சேனல் பிறகு கைகொடுக்கும், கூட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கோப்போடு சேர்த்து எழுதிவைக்க வேண்டியவை: நெகட்டிவா பாசிட்டிவா, எந்தத் திசையில் ஓட்டியது, எந்த ஆர ஊசி, நிக்கல் இழுவையோடு சேர்த்த உண்மையான எடை, டேக் எழுத்து. பின்னோக்கி எடுத்த மூலக் கோப்பைத் திருப்பிய பிறகும் அழிக்காதீர்கள். டிக் சத்தங்களை நீக்கும் மென்பொருள்களில் சில பின்னோக்கிய ஒலியில் இன்னும் சுத்தமாக வேலை செய்கின்றன, ஏனென்றால் பியானோவின் திடீர் அடியை அவை அங்கே டிக் என்று தவறாக எடுத்துக்கொள்வதில்லை.